சாருமதி வந்த சாயங்காலம்

எங்கள் மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் தமிழ் வாரப் பத்திரிகையை யாரும் தனியாகக் காசு கொடுத்து வாங்குவதில்லை. தேவராஜ மார்க்கெட் பக்கத்துக் கடையில் நான் ஒரு பிரதி வாங்கி வருவேன். அது வீடு வீடாகச் சுற்றும். யாருக்குப் பின் யார் என்று முறை வைத்தவனும் நான்தான். பக்கத்து வீட்டு ரயில் கார்டு யக்ஞநாராயணனுக்குக் கடைசி முறை. அவர் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அட்டை கிழிந்து, சாம்பார்க் கறை பட்டிருக்கும்; தொடர்கதையைக் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்கப் பேசித் தீர்த்திருப்பார்கள்.

அந்தத் தொடர்கதையை எழுதியவன் நான். எழுதிக்கொள்ளுங்கள், ரத்தினவேல். நீங்கள் கொள்ளேகாலத்துக்காரர், தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த போலீஸ்காரர் என்றுதான் இன்ஸ்பெக்டர் உங்களை என் எதிரில் உட்கார வைத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் என் தொடரைப் படிக்கிறார்கள் என்று சொன்னீர்கள். படித்தவர்களுக்கு ஒரு நியாயம், எழுதியவனுக்கு ஒரு நியாயமா?

கூத்தில் ராவண வேஷம் கட்டியவன்மேல் யாரும் வழக்குப் போடுவதில்லை. கொலைக் கதை எழுதுகிறவன் கொல்லையை யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. ஆண் பெண் சமாசாரத்தை எழுதினால் மட்டும், இவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று ஊருக்கே மூக்கில் வியர்க்கிறது. கதை வேறு, நிஜம் வேறு. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பேர் மாறிய நவம்பரில் தொடர் ஆரம்பித்தது. சாருமதி என்று ஒரு கார்டின் மனைவி. கணவன் வண்டியோடு சாமராஜநகர் போய்விட்டால் வீட்டில் தனியாக இருப்பாள். பக்கத்து வீட்டில் ஒரு பிரம்மச்சாரி, ரயில்வே கணக்கு ஆபீஸ் குமாஸ்தா. என்னைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சாருமதி வாயால் வேண்டாம் வேண்டாம் என்பாள். மனசுக்குள் வேறு மாதிரி. வாசகர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போய், ஆசிரியர் இன்னும் நீட்டச் சொன்னார்.

யக்ஞநாராயணன் மனைவி கனகலக்ஷ்மிதான் சாருமதி என்று வரிசையில் பேச்சு. சாயலை அவளிடமிருந்து எடுத்தேன், மறுக்கவில்லை. காலையில் மடிப்புடவையைக் கோலால் தூக்கிக் கொல்லைக் கொடியில் போடுவாள். கை உயரும்போது ரவிக்கை மேலேறும். குழந்தையில் காமாலைக்குச் சூடு போட்ட தழும்பு விலாவில் தெரியும். என் ஜன்னலிலிருந்து நன்றாகவே தெரியும். அதைச் சாருமதிக்குக் கொடுத்தேன். கனகலக்ஷ்மி என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கதையில் அந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துவிட்டேன். அது அவள் மனசிலிருந்து வந்த வார்த்தை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை யக்ஞநாராயணன் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பின்னால் அவள்.

“ஓய், பூசி மெழுகாமச் சொல்லும். இவ உடம்புல இருக்கற தழும்பு உமக்கு எப்படித் தெரியும்?”

“அண்ணா, நான் துணி ஒணத்தறச்சே பாத்திருப்பேள், அவ்வளவுதானே? வாயத் திறந்து சொல்லிடுங்கோ. இவர் நம்ப மாட்டேங்கறார்.”

ஜன்னலைக் காட்டியிருந்தால் போதும். நான் காட்டவில்லை.

“கதை எழுதறவன்கிட்ட அதெல்லாம் கேக்கப்படாது, ஸார்” என்றேன்.

சொல்லும்போது சிரித்தேன் என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார். ஆமாம், சிரித்தேன். தன் எழுத்தை ஒருவர் இவ்வளவு உன்னிப்பாகப் படித்திருப்பதைப் பார்த்தால் எந்த எழுத்தாளனுக்கும் சந்தோஷம் வரத்தான் செய்யும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை. அவளைப் பிறந்த வீட்டில் கொண்டுபோய்த் தள்ளிவிடப் போவதாக அவர் கத்தியது சுவர் தாண்டிக் கேட்டது. அந்த வாரக் கடைசியில் ஒரு சாயங்காலம், அவருடைய வண்டி நஞ்சன்கூட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த நேரம், அவள் என் பின்கதவைத் தட்டினாள்.

“அந்தப் புள்ள என்னத்துக்குங்க உங்க கதவத் தட்டுச்சு?” என்று இரண்டு தரம் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன். அவர் வந்ததும் நான் நேரில் வந்து உண்மையைச் சொல்ல வேண்டுமாம். கைகூப்பினாள். “ஒரே ஒரு வார்த்தை, அண்ணா. இந்தப் பேரோட போனா எங்காத்துலயும் சேத்துக்க மாட்டா” என்றாள்.

நான் எழுதி அனுப்பிய அடுத்த அத்தியாயத்தில் சாருமதியும் இதே சாயங்கால நேரத்தில், ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு பின்கதவு வழியாகத்தான் வருகிறாள். அது இன்னும் அச்சாகவில்லை. கனகலக்ஷ்மி அதைப் படித்திருக்க முடியாது. அப்படியும் வந்தாள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கொல்லையறையில் உட்காரச் சொன்னேன். காபி கலந்து வருகிறேன் என்று வெளியே வந்து, அறையைப் பூட்டினேன். அவளை நான் தொடவில்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் தட்டினாள். பிறகு இடித்தாள். நான் ஸ்டேஷனுக்குப் போய் நின்றேன். யக்ஞநாராயணன் வண்டியிலிருந்து இறங்கியதும், “உங்காத்துல தேட வேண்டாம், எங்காத்துல இருக்கா” என்று மெதுவாகச் சொன்னேன்.

அவருக்கு முன்னால் விரைந்து நடந்து, பூட்டை எடுத்து ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டேன். பூட்டைப் பார்த்தால் தப்பாக நினைத்துக்கொள்வார்.

அவர் கதவைத் தள்ளினார். அவள் ஓடி வந்தாள். கை முட்டியெல்லாம் தோலுரிந்து ரத்தம் கசிந்தது.

“ஏன்னா, என்னைப் பூட்டி வெச்சுட்டார்!”

அவர் கதவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பூட்டு இல்லை.

“இதுவும் கதையா?” என்றார்.

அவ்வளவுதான். தன் வீட்டுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அவள் அந்தக் கதவையும் தட்டினாள். அவர் திறக்கவில்லை. திறக்காதது அவர், நான் இல்லை. மறுநாள் காலையில் குக்கரஹள்ளி ஏரியில் அவள் உடலைக் கரையேற்றியவர்களில் நீங்களும் இருந்தீர்கள்.

பூட்டைப் பற்றி நீங்கள் யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன், மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பலவந்தம் என்று மட்டும் எழுதாதீர்கள், ரத்தினவேல். அவள் தானாகத்தான் வந்தாள். வந்தவள் மனசு மாறிப் போய்விடக் கூடாதே என்றுதான் பூட்டினேன்.