மூணாவது பொட்டலம்

— கதவைச் சாத்து டோன்கா. மெதுவா பேசணும்.

— சாத்தினாத்தான் ஊரே எட்டிப் பாக்கும். பிளேவென் டவுன்லேர்ந்து டாக்டரம்மா கார் வந்து பாதிரியார் வீட்டு வாசல்ல நிக்குது... போதாதா?

— டாக்டர் இல்லடி நான். கிருமி எண்ணுறவ. எத்தனை தடவை சொல்றது?

— சரி கிருமிக்காரி, உக்காரு ராலிட்சா. பீன்ஸ் சூப்தான் இருக்கு. தவக்காலம், கறி, பாலு எதுவும் கூடாது.

— உன் வீட்டுக்காரர்?

— கோயில்ல. இந்த மாசம் பூராவும் அங்கயேதான் கிடக்கிறார்.

— நல்லது. ஆமா... ஆறு வாரமா நீ பாலு, தயிரு எதுவும் தொடலியா?

— பாதிரியார் பொண்டாட்டிகிட்ட கேக்கிற கேள்வியாடி இது?

— என் நோன்பு ஆராய்ச்சிக்குன்னு போன வாரம் டப்பால மலம் அடைச்சு அனுப்பினியே, அதுல தயிர்க் கிருமி மண்டிக் கிடக்கு. நல்லா உயிரோட. முந்தின நாள் தின்ன தயிர்.

— ஆமா. தின்னேன். கொல்லையில நின்னு, கரண்டியால வழிச்சு... வெக்கமாத்தான் இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத.

— அதுக்குள்ள ஒத்துக்கிட்ட? ஒன்பதாம் வகுப்புல என் பேனாவை உடைச்சத இன்னிக்கு வரைக்கும் நீ ஒத்துக்கல.

— வயசாயிடுச்சு, திருந்திட்டேன். சூப் ஆறுது, குடி.

— தயிருக்காக நான் இவ்வளவு தூரம் வரல.

— பின்ன?

— அந்த இன்னொரு குழாய்... பஞ்சுக் குச்சி. கீழ உள்ள விட்டு நீயே எடுத்து வைக்கணும்னு சொல்லிக் குடுத்தேனே.

— அதுல என்ன?

— தொத்து இருக்கு. தானா வர்றது இல்ல டோன்கா. ஆம்பளகிட்டேர்ந்துதான் வரும்.

— ஆபத்தா?

— மாத்திரையில போயிடும். அதான் டாக்டரை எழுதச் சொல்லி வாங்கிட்டு வந்தேன். உனக்கு ஒரு பொட்டலம், உன் புருஷனுக்கு ஒண்ணு.

— என் பேர் எங்கயாவது...

— பேர் இல்ல, நம்பர்தான். நீ இருபத்தேழு. ஆனா இது நீதானா?

— என்னடி உளர்ற?

— தவக்காலத்துக்கு முன்னாடி நீ குடுத்தது சுத்தம். குடல் கிருமியும் வேற கூட்டம். நோன்பு இருந்தா கொஞ்சம் மாறும், இப்படி அடியோட மாறாது. இது வேற பொம்பளையோடது. அறுபது பேர் என்னை நம்பி வெக்கத்த விட்டுக் குடுத்திருக்காங்க. நீ ஒருத்தி மாத்தி வச்சா என் மூணு வருஷ வேலை பாழ். யாரோடது, சொல்லு.

— வெலிகா.

— எந்த வெலிகா? கோயில் வாசல்ல மெழுகுவத்தி விக்கிறாளே... அவ புருஷன் செத்து ஆறு வருஷம் ஆச்சே.

— அதான். ஆஸ்பத்திரிக்குப் போனா நர்ஸ் நோட்டுல பேர் எழுதுவா. சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா தெரிஞ்சிடும். எரிச்சல் தாங்கலன்னு என்கிட்ட வந்து அழுதா.

— உன்கிட்டயா? ஏன்?

— வேற யார்கிட்ட போவா?

— அதுக்கு உன் பேர்ல அனுப்புவியா? தயிர் தின்னேன்னு பொய் வேற. பாவம் பாத்தது சரி, அதுக்காக உன் மேலயே பழிய இழுத்துப்பியா?

— தயிர்ப் பழி சின்னது ராலிட்சா. அதோட நீ போயிடுவேன்னு நெனச்சேன்.

— சரி, விடு. உனக்குன்னு வாங்கினத அவளுக்குக் குடு. இன்னொண்ணு அந்த ஆளுக்கு. ஒரே நாள்ல முழுங்கணும், இல்லேன்னா திரும்ப ஒட்டிக்கும். ஆள் யாருன்னு சொன்னாளா?

— நான் கேக்கல.

— கேளு. அவன்கிட்ட போய்ச் சேரணுமே.

— சேரும்.

— எப்படி? டோன்கா, என்னைப் பாரு.

— பாக்க முடியலடி. வெக்கமா இருக்கு. எனக்கு இன்னொரு பொட்டலம் வேணும்.

— மூணாவது யாருக்கு?

— ஒரே நாள்ல முழுங்கணும்னு சொன்னியே... ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வசதி. அவ, அவர், நான்... மூணு பேரும் கோயில்லதான் இருப்போம்.