மாடிப்படிக்குக் கீழிருந்த பெட்டி

நீதிமன்றத்தில் வாக்குமூலம் எழுதுபவர் பெயர் கேட்டதற்கு, சாவிக்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும் என்றேன். வயது எழுபத்தாறோ எழுபத்தேழோ இருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. நில அளவை வரைபட அலுவலகத்தில் முப்பத்தொன்பது வருடம் கதவு திறந்து, பூட்டி, பெருக்கி வந்தேன். தற்போது அதே தெருவில், தண்ணீர்த் தொட்டிக்கு எதிர்வீட்டில் மகளோடு இருக்கிறேன்.

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் இறங்கி, பேருந்துகள் எல்லாம் ஊரைச் சுற்றிப் போன வருடம் அது. என் மூத்த மருமகன் கால் முறிந்து படுத்திருந்ததும் அப்போதுதான். அந்த வருடம் அலுவலகத்துக்குப் பதினோரு புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. வரைபடங்கள் எல்லாம் மாடிப்படிக்குக் கீழ் அறையில் இருந்த பழைய சர்வர் பெட்டியில் இருந்தன. புதுக் கம்ப்யூட்டர் எதிலிருந்தும் அந்தப் பெட்டிக்குள் போக முடியவில்லை. அதன் பிறகு மூன்று நாள் வேலை நின்றது. நான்காம் நாள் காலை மேலாளரும் தலைமை எழுத்தரும், கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டதால் கம்ப்யூட்டர் அம்மா என்று நாங்கள் கூப்பிட்டவரும் அந்த அறைக்கு வந்தார்கள். பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொள்ள என்னை நிற்கச் சொன்னார்கள்.

அந்த அம்மா சொன்னார்: "சார், புதுசு பாஸ்வேர்டை மூடித்தான் அனுப்பும். பழசுக்கு அதைப் பிரிக்கத் தெரியல. திறந்தே அனுப்புன்னு புதுசுல மாத்தி வச்சா வேலை நடக்கும். ஆனா கம்பியில காது வச்சவன் யாரா இருந்தாலும் பாஸ்வேர்டை எடுத்துக்குவான். பெட்டியையே மாத்திடுங்க சார்."

மேலாளர், "நம்ம கம்பியில யாரும்மா காது வைக்கப் போறா? மாத்திவிட்டுட்டுப் போம்மா" என்றார்.

"அப்போ எழுதிக் கொடுங்க."

"என் வாய் வார்த்தை போதாதா?"

தலைமை எழுத்தர் சிரித்துக்கொண்டே, "நம்ம சாவிக்காரரைப் பாரும்மா. மூடினாலும் திறந்தாலும் அவருக்கு ஒண்ணுதான்" என்றார். நானும் சிரித்தேன்.

அந்தக் கம்பி நடைக்கூரை வழியாக, கட்டட ஒப்பந்தக்காரருக்கு வாடகைக்கு விட்டிருந்த பின்கட்டுக்கும் போனது. நான் தினமும் அதற்கு அடியில்தான் பெருக்கினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த அம்மா பதினோரு மேசையிலும் உட்கார்ந்து மாற்றி வைத்தார். மதியச் சாப்பாட்டு டப்பாவை அன்று அவர் திறக்கவே இல்லை.

அதன் பிறகு ஐந்தாம் வருடம், வரைபடத்தில் ஒரு வீட்டின் எல்லைக்கோடு மூன்றடி உள்ளே தள்ளியிருந்தது. அதைக் காட்டி அந்த வீட்டின் வாசற்படியை இடித்துவிட்டார்கள். கோட்டை மாற்றியது கம்ப்யூட்டர் அம்மாவின் பாஸ்வேர்டு என்று பெட்டி காட்டியது. அலுவலக விசாரணைக்கு முன்னால் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "உனக்கு எழுத்தே தெரியாது. ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு, போய்யா" என்றார். நானும் அப்படியே சொன்னேன். தலைமை எழுத்தரும் அப்படியே சொன்னார். அன்றே அந்த அம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். போகும்போது மாடிப்படி அறைச் சாவியை என்னிடம் கொடுத்து, "கதவு கொஞ்சம் இறுகுது பெரியவரே, தூக்கித் திறங்க" என்றார்.

தற்போது அந்த அம்மா மேல் போட்ட வழக்கு நீதிமன்றத்துக்கு வந்திருப்பதாக மகள் சொன்னாள். கூப்பிடாமலே வந்தேன். முழங்கால் வலியால் வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து வந்தேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முன்பு தெரியாது என்று நான் சொன்னது பொய் என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்திருக்கிறார்கள். அன்று அறையில் இருந்தவர்களில் தலைமை எழுத்தர் போன மழைக்காலத்தில் இறந்தார். மேலாளர் சென்ற மாதம் இறந்தார். அந்த அம்மா சொன்னால் குற்றவாளி பேச்சு என்பார்கள். அவருக்காகச் சொல்ல உயிரோடு மிச்சம் இருப்பவன், மூடியைப் பிடித்துக்கொண்டு நின்ற சாவிக்காரன்.

(இடது பெருவிரல் ரேகை)