சொன்னதையே சொல்லும் கால்

டீயில் சர்க்கரை தூக்கல் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. ஒருவர் எதிரே உட்கார்ந்து டீ வாங்கித் தரும்போது குறை சொல்லக் கூடாது. எனக்கு அது அடிக்கடி நடப்பதும் இல்லை.

நான் மின்னணுச் சிப்புகளுக்குக் கையேடு எழுதுகிறவள். வீட்டிலிருந்தே வேலை. சந்தேகம் கேட்க என் தொலைபேசி எண்ணைத்தான் கையேட்டில் போடுவார்கள்.

சிப்பின் உலோக முனைகளைக் கால் என்போம். ஒரு காலுக்கு ‘அணை’ என்று கட்டளை கொடுத்துவிட்டு, அணைந்ததா என்று அதனிடமே கேட்டால், உண்மை நிலையைச் சொல்லாது. நாம் கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல்லும். உண்மையை வேறோர் இடத்தில் படிக்க வேண்டும். நானோ, ‘இங்கே படித்தால் காலின் நிலை தெரியும்’ என்று எழுதிவிட்டேன். முதல் பதிப்பில் அது கவனப்பிசகுதான்.

தண்ணீர் பம்பு செய்யும் ஒருவர் கூப்பிட்டார்.

“அக்கா, இது சிப்பா, கிளிப்பிள்ளையா? நான் சொன்னதையே ஒப்பிக்குது! உங்க புஸ்தகத்தை நம்பி மண்டைய உடைச்சுக்கிட்டேன்.”

சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் என் சிரிப்பு, யாரோ வந்திருப்பது போல எனக்கே கேட்டது. பேசி முடித்து வைக்கும்போது அவர், “சாப்பிட்டீங்களாக்கா?” என்றார்.

பிறகு நிறையப் பேர் கூப்பிட்டார்கள். அடுத்த பதிப்பில் பிழையைத் திருத்தினேன். தொலைபேசி வாயை மூடிக்கொண்டது. அது வேலை செய்கிறதா என்று அவ்வப்போது எடுத்துக் காதில் வைத்துப் பார்ப்பேன்.

அதற்கடுத்த பதிப்பில் பழைய வாக்கியத்தையே திரும்ப வைத்தேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் சரியான பதிலைப் பொறுமையாகச் சொன்னேன். ஒருவரைக்கூட ஏமாற்றியதில்லை. பச்சிளம் குழந்தைகளுக்குச் சூடு தரும் அந்தப் பெட்டியைச் செய்தவர் என்னைக் கூப்பிடவே இல்லை. ஹீட்டரை இயக்கும் கால் பழுதாகி, ஹீட்டர் அணையாமல் எரிந்திருக்கிறது. சிப் தன் கட்டளையைத் தானே படித்து, அணைந்துவிட்டது என்று நம்பியிருக்கிறது. அலாரம் அடிக்கவில்லை. உள்ளே இருந்த குழந்தை இறந்ததில் எனக்கும் வருத்தம்தான். ஆனால், ஒரு போன் போட்டிருக்கலாம் அவர்.

விசாரணைக்கு அழைத்து டீ வாங்கித் தந்த நீங்களும் தன்மையாகத்தான் கேட்கிறீர்கள்.

“இதே கையேட்டை வெச்சு இன்னும் எத்தனையோ பேர் மெஷின் செஞ்சுக்கிட்டிருக்காங்கம்மா. சரியான வாக்கியத்தை உங்க கையால எழுதிக் குடுங்க. இன்னைக்கே எல்லாருக்கும் அனுப்பிடறோம்.”

நீங்கள் நீட்டிய பேனாவை உங்கள் பக்கமே நகர்த்தி வைக்கிறேன்.

“வேண்டாம் சார். சந்தேகம் வந்தா அவங்களே கூப்பிடுவாங்க. என் போனை மட்டும் திருப்பிக் குடுத்துடுங்க.”