ராக்கியின் வால்

டாபர்மேன் நாய் வாலில்லாமல்தான் பிறக்கும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருந்தீர்கள் மேடம். உட்கார்ந்ததும் முதலில் அதைத்தான் கேட்டீர்கள். அதற்கும் மற்ற நாய்களைப் போல நீளமான வால் உண்டு. சாட்டை மாதிரி மெலிந்த வால். நாங்கள்தான் எடுத்துவிடுகிறோம்.

டீ ஆறுகிறது, குடியுங்கள். ராக்கி வராது. நீங்கள் கேட்டுக்கு வெளியே தயங்கி நின்றபோது நான் இங்கிருந்தே போனில் பேசினேன். கேட் தூணில் இருக்கிற கேமராவில் என் குரல் கேட்டதும் அது கூண்டுக்குப் போய்விட்டதைப் பார்த்தீர்கள். இன்னொரு முறை சொல்கிறவரை அங்கேயே இருக்கும்.

வால் எடுப்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். ரோமாபுரியில் வால் நுனியை வெட்டினால் வெறிநோய் வராது என்று நம்பினார்களாம். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் நாய்க்கு வரி இருந்தது. வேலை செய்கிற நாய்க்கு மட்டும் விலக்கு. வேலை நாய் என்பதற்கு வால் இல்லாததே அடையாளம். வேட்டை நாய் முட்புதரில் ஓடினால் வால் கிழியும், புண் ஆறாது. காவல் நாய்க்கு வால் இருந்தால் திருடன் பிடித்து இழுப்பான். நான் விலங்கியல் படித்தவன். திருவிடந்தையில் சவுக்குத் தோப்பு நடுவே நாய் வளர்த்து விற்கிறவனுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது என்று தெரியும். காரணம் ஒன்றுதான். பீச் ஹவுஸ் வைத்திருக்கிறவர்கள் போன் செய்தால் முதல் கேள்வி, "வால் கட் பண்ணியாச்சா?" வாலை ஆட்டுகிற நாய் சிரிக்கிற மாதிரி இருக்கிறது. சிரிக்கிற நாயைக் காவலுக்கு யாரும் வாங்குவதில்லை.

ஆனால் நான் எதையும் வெட்டியதில்லை. குட்டி கண் திறப்பதற்கு முன் வாலின் அடியில் சின்ன ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிடுவேன். அதற்கு மேல் ரத்தம் போகாது. வால் கறுத்து, காய்ந்து, ஒரு நாள் சாக்கின் மேல் தனியாகக் கிடக்கும். கத்தி கிடையாது. குட்டி முதலில் கொஞ்சம் முனகும், பிறகு மறந்துவிடும்.

அனு அந்த வேலையைப் பார்க்க வரவே மாட்டாள். ராக்கி பிறந்த ஈற்றில் மட்டும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு குட்டியை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இது ஒண்ண வுட்டுடு கிஷோர். இத நாமளே வச்சிக்கலாம். வாலோட இருக்கட்டும்."

"செவுத்துல அடிச்சி அடிச்சி புண்ணாயிடும் அனு. அதோட நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"புண்ணாவறப்போ பாத்துக்கலாம். இன்னும் ஆவவேயில்லையே."

அவள் குளிக்கப் போனபோது மாட்டினேன். வெளியே வந்து பார்த்தாள். குட்டியைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

கல்யாணமான புதிதில் அவள் மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷனில் இருந்தாள். ஸ்கூட்டியில் போய்வருவாள். வாரக்கடைசியில் ஈ.சி.ஆரில் எப்படி ஓட்டுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அடிபட்ட பிறகு அழுது என்ன செய்வது. ஸ்கூட்டியை விற்றேன். பஸ் நேரத்துக்கு வரவில்லை, வேலையை அவளே விட்டாள். சங்கரி என்று ஒரு தோழி. அவள் வந்துபோன அன்றெல்லாம் அனு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். சங்கரியிடம் பக்குவமாகச் சொன்னேன், வருவது நின்றது. செய்யூரில் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பினால் இரண்டு நாள் அழுகை. அதனால் பொங்கலுக்குப் பொங்கல் போனால் போதும் என்று ஆனது. அப்புறம் போன். அதைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்டது. வாங்கி என் பீரோவில் வைத்தேன். நான் கை ஓங்கியதில்லை, குரலை உயர்த்தியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆரம்பத்தில் கொஞ்சம் வாதாடினாள். பிறகு வாதாடுவதையும் விட்டுவிட்டாள்.

ராக்கியை நான் அவளோடு பழகவிடவில்லை. காவல் நாய் எல்லோரிடமும் குழைந்தால் கெட்டுப்போகும். அது குரைக்காது. நேராக வந்து, எதிரே நின்று, முகத்தையே பார்க்கும். ஒருமுறை சுவரேறிக் குதித்த ஒருவனின் தொடையைக் கவ்விவிட்டது. அன்று அனு ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். "என்னத் தவிர யார் பேச்சும் கேக்காது. நான் இல்லாதப்போ முன்படி எறங்காத" என்று சொல்லிவைத்தேன். வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்துக்குக் கம்பி வேலி போட்டிருக்கிறேன். அங்கே அவள் தாராளமாகப் போய்வரலாம்.

சந்திரம்மாவைப் பார்த்திருப்பீர்கள். குப்பத்திலிருந்து மீன் கூடையோடு வருகிற அம்மா. கேட்டுக்கு வெளியே நின்றுதான் வியாபாரம். ஒரு நாள் ராக்கியைப் பார்த்துவிட்டு, "அய்ய, நாய்னா வால ஆட்டணும். இது இன்னாத்த ஆட்டும்? கொலைக்கவும் இல்ல, கொழையவும் இல்ல. மனசுல இன்னா கீதுன்னே தெரியல. அப்டியே உன்ன மாதிரி கீது தம்பி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அவளுக்குத் தெரியாத ஒன்று உண்டு. வால் போனாலும் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முளை மிஞ்சும். நாய் சந்தோஷப்பட்டால் அந்த முளை துடிக்கும். எதிரே நிற்கிறவர்களுக்கு அது தெரியாது, அவர்கள் பார்ப்பது முகத்தை மட்டும்தான். பின்னாலிருந்து பார்த்தால் தெரியும். அனு ஜன்னலுக்கு வந்தால் போதும், ராக்கியின் முளை துடிக்கும். இதை நான் வெகு நாளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் ஏற்படவில்லை.

நீங்கள் விசாரிக்க வந்திருக்கிற அந்த நாளுக்கு முந்தின நாள் அவள் ஒரு பையில் துணிகளை அடுக்கினாள். "அம்மாவாண்ட போறேன் கிஷோர். எப்ப வருவேன்னு மட்டும் கேக்காத" என்றாள். நான் கேட்கவில்லை. மறுநாள் காலை ஊரப்பாக்கத்தில் வாசுதேவன் என்பவருக்குக் குட்டி ஒன்றைக் கொடுக்கக் காரில் கிளம்பினேன். போகும்போது ராக்கியை முன்பக்கம் அவிழ்த்துவிட்டேன். எப்போதும் செய்வதுதான்.

வாசுதேவன் வீட்டில் டீ கொடுத்தார்கள். அப்போது போன் அதிர்ந்தது. முன்வாசலில் ஆள் நடமாட்டம் என்று கேமரா சொன்னது.

முதலில் நீங்கள் விசாரித்தபோது, அவள் அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்று நினைத்ததாகச் சொன்னேன். அது சரியில்லை. அவள் கையில் பை இல்லை. முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டை இறுக்கிக் கட்டியிருந்தாள். அப்படி எதற்குக் கட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் இருந்தாலும் கேட்டிருக்கும். சந்திரம்மாவின் குரல் கேமராவுக்குக் கீழேயே கேட்டது.

"இன்னா கண்ணு, காலுல இன்னா?"

"பாம்பு க்கா. பின்னாடி, துணி தோய்க்கிற கல்லாண்ட."

"அய்யோ. நீ எறங்கி வா, நான் ஆட்டோவ நிறுத்தறேன். நாய அந்தாண்ட தொரத்து."

"அது வுடாது க்கா."

ராக்கி படிக்கு எதிரே வந்து நின்றிருந்தது. அவள் ஒரு படி இறங்கினால் அது ஒரு அடி முன்னால் வந்தது. அவள் நின்றாள். ஏறினாள். மறுபடி இறங்கப் பார்த்தாள். அது இன்னும் நெருங்கியது. அவளுக்குத் தெரிந்தது அதன் முகம். எனக்குத் தெரிந்தது அதன் முதுகு. கேமரா கேட் பக்கமிருந்து வீட்டைப் பார்க்கிறது. முளை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துக்கூட அது அப்படி ஆடியதில்லை. குட்டியாக இருந்தபோது கையில் எடுத்தவள், இவ்வளவு காலம் ஜன்னலுக்குள்ளேயே இருந்தவள், முதல் தடவையாகத் தன்னிடம் இறங்கி வருகிறாள் என்று நினைத்ததோ என்னவோ. அதற்கு வால் இருந்திருந்தால் முதுகுக்கு மேலே தூக்கி ஆட்டியிருக்கும். அனு பார்த்திருப்பாள். அதன் தலையில் கைவைத்துவிட்டுக் கேட்டுக்கு நடந்திருப்பாள்.

வாசுதேவன், "இன்னா சார், மேட்சா ஓடுது?" என்று கேட்டார்.

"இல்ல. வூட்டு கேமரா."

"நாய் இன்னா பண்ணுது?"

"சந்தோஷமா கீது" என்றேன். அவரிடம் கேட்டால் சொல்வார்.

பேசுகிற பொத்தான் மேலே என் கட்டைவிரல் இருந்தது. 'ராக்கி, உள்ள போ.' மூன்று வார்த்தை. அனு நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். "கிஷோர்" என்றாள். ஒரு தடவைதான். அம்மாவிடம் போகவில்லை என்று அடுத்து சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

சந்திரம்மா குப்பத்துக்கு ஓடி ஆட்களைக் கூட்டிவந்தாள். அவர்கள் சுவர்மேல் ஏறி நின்று மீன் வலையை வீசி ராக்கியைப் பிடித்தார்கள். அது யாரையும் கடிக்கவில்லை. வலைக்குள் கிடந்தபடி வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தது. வண்டி திருப்போரூர் தாண்டும்போது அனுவுக்கு மூச்சு நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

அந்தப் பதிவு என் போனில் இருக்கிறது. அழிக்க முடியவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை. காரியம் முடிந்ததிலிருந்து நான் வெளியே போகவில்லை. முன்படியில் கால் வைத்தால் ராக்கி வந்து எதிரே நிற்கிறது. முகத்தையே பார்க்கிறது. அது என்ன நினைக்கிறதென்று இந்தப் பக்கத்திலிருந்து எனக்கும் தெரியவில்லை. போனில் சொன்னால் கூண்டுக்குப் போய்விடும்தான். ஆனால் போனைக் கையில் எடுத்தால் அந்தப் பதிவைத்தான் பார்க்கிறேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறேன். சந்திரம்மா வாசலில் கூவுவதில்லை இப்போது.

பொத்தானை நான் அழுத்தவில்லை. அழுத்தியிருந்தால் அனு பிழைத்திருப்பாள். பிழைத்திருந்தால் செய்யூருக்குப் போயிருப்பாள். அதனால்தான் அழுத்தவில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். நான் அவளைப் பூட்டிவைத்திருந்தேன் என்று வச்சலா அத்தை புகார் கொடுத்திருக்கிறார்கள். பெற்ற மகளைப் பறிகொடுத்த வேதனையில் சொல்லியிருப்பார்கள், தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அது உண்மையில்லை. உள்ளே வரும்போது நீங்களே பார்த்தீர்கள் மேடம். அந்தக் கேட்டுக்குப் பூட்டே கிடையாது.