இன்ஸாஃபுக்கு வந்த பதினொரு கடிதங்கள்

என் கையெழுத்து மிக அழகானது. கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் நான் படித்த பள்ளியில் அதற்காகவே ஒரு பேனா பரிசளித்தார்கள். என் வாழ்க்கையைப் புத்தகமாக எழுத வந்திருக்கும் உங்களிடம் இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. நாவலாசிரியர் நஸீம் புலோஸின், அதாவது என்னுடைய, கையெழுத்துப் பிரதிகளில் ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை என்று நேற்று வியந்தீர்கள். படியெடுப்பவன் எதற்காக அடிக்க வேண்டும்? நான்கு நாவல்களையும் எழுதியவள் என் தங்கை இன்ஸாஃப்.

முதல் நாவலில் என் தவறு பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் அம்மா இறந்த வருடம் அவள் அதைப் பள்ளி நோட்டுகளில் எழுதினாள். அப்போது அவள் பெண்கள் பள்ளியில் பூகோள ஆசிரியை. நான் படித்துவிட்டு அச்சுக்குக் கொடுக்கலாம் என்றேன்.

"உன் பேருலயே போயிரட்டும்ண்ணா. அதுல இருக்கறதெல்லாம் நான் எழுதினதுன்னு தெரிஞ்சா தலைமையம்மா என்னை வகுப்புக்குள்ளயே விடமாட்டாங்க," என்றாள்.

என் பெயரில் வந்தது. கெய்ரோ முழுக்கப் படித்தார்கள். அதைப் படமாக எடுக்க நானே ஒரு கம்பெனி தொடங்கினேன். படம் தயாரிப்பதில் எனக்குத் திறமை உண்டு. அது மட்டும் என் சொந்தத் திறமை. எங்கே மழை வேண்டுமோ அங்கே மழை, எங்கே சவ ஊர்வலம் வேண்டுமோ அங்கே சவ ஊர்வலம். படம் ஓடியது. அடுத்த நாவல் எப்போது என்று எல்லாரும் கேட்டார்கள். மூன்று வருடம் கேட்டார்கள்.

அந்த மூன்று வருடமும் இன்ஸாஃப் ஒரு வரி எழுதவில்லை. அவள் வாழ்க்கையில் ஃபாயிக் வந்துவிட்டிருந்தான். நீர்ப்பாசனப் பொறியாளன், நீண்ட கைகால், எங்கள் வீட்டு நாற்காலி எதிலும் அடங்காதவன். நிச்சயதார்த்தம் முடிந்து, இரண்டு வருட வேலைக்காகத் தெற்கே சூடானில் மலக்காலுக்குப் போனான். அங்கே நைல் ஆற்று நீரின் உயரத்தைத் தினமும் அளப்பது அவன் வேலை. திரும்பி வந்ததும் கல்யாணம். அவள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டே பாடுவாள்.

"ஏன் எழுத மாட்டேங்கற?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எழுத என்னண்ணா இருக்கு? நல்லாத்தானே இருக்கேன்."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு அது ஒரு நோய்க்கு மருத்துவர் சொன்ன காரணம் போலக் கேட்டது.

கட்டிடத்துத் தபால் பெட்டியின் சாவி என்னிடம் இருந்தது. ஃபாயிக்கின் கடிதம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன், சும்மா இரண்டு வாரத்துக்கு. பிறகு இன்னொன்று. தபால் ஆற்றுப் படகில் வருவதால் தாமதம் என்று அவளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள். நடுவில் ஒன்றிரண்டை விட்டுவிடுவேன். மற்றதை எடுத்துக்கொள்வேன். என்னிடம் பதினொன்று சேர்வதற்குள் அவள் எட்டுப் பக்கம் எழுதியிருந்தாள். அந்த எட்டுப் பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தேன். முதல் நாவலில்கூட அப்படி ஒரு பக்கம் கிடையாது.

அதனால்தான் அவனைச் சாகடித்தேன்.

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அவன் மேல் ஒரு தூசி படவில்லை. ஸுஹ்தி என்று ஒரு துணை நடிகன். எங்கள் படங்களில் கணக்கப்பிள்ளை, மாமனார், நீதிமன்றச் சேவகன் என்று வந்து போகிறவன். அவனுக்குக் காக்கி உடை தைத்து, மலக்காலிலிருந்து வரும் சக ஊழியன் என்று சொல்லிக்கொடுத்தேன். மலேரியா, மூன்று நாள் காய்ச்சல், அங்கேயே அடக்கம். நன்றாக நடித்தான். இன்ஸாஃப் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததும் அவன் கண்ணிலும் நீர் வந்தது, அது நான் சொல்லிக்கொடுக்காதது. மாடிப்படி இறங்கும்போது என்னிடம் கேட்டான்:

"உஸ்தாத், கேமராவை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க? படத்துக்குப் பேர் என்ன?"

இரங்கல் செய்தி வந்ததுபோல ஒரு பத்திரிகைப் பக்கத்தை எங்கள் ஸ்டுடியோவின் கலைப் பிரிவு அச்சடித்தது. ஃபாயிக்குக்குப் பெற்றோர் இல்லை, கெய்ரோவில் உறவும் இல்லை. அது வசதியாக இருந்தது. நாற்பதாம் நாள் பூசைக்குத் தேவாலயத்தில் ஏற்பாடு செய்தேன். துக்க வழக்கப்படி வந்தவர்களுக்குச் சர்க்கரையில்லாத காப்பி கொடுத்தோம். வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பற்றிக்கொண்டேன். அதே வாரம் ஃபாயிக்குக்கும் எழுதினேன்: இன்ஸாஃப் மன்சூராவில் ஒரு மருந்துக்கடைக்காரரை மணந்துவிட்டாள், நீங்கள் எழுதினால் அவள் குடும்பம் கெடும். அவன் கண்ணியமானவன். அதன்பிறகு எழுதவில்லை, சூடானிலேயே தங்கிவிட்டான்.

இரண்டாம் நாவல் பதினான்கு மாதத்தில் வந்தது. அதைப் பற்றி நீங்களே எட்டுக் கட்டுரை எழுதியிருக்கிறீர்கள்.

துக்கமும் ஆறக்கூடியது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. நான்காம் வருடம் அவள் மாணவிகளோடு பிரமிடு பார்க்கப் போய்வந்தாள், முகம் வெயிலில் சிவந்து, பசியோடு. எனக்குப் பயம் வந்துவிட்டது. எடுத்து வைத்திருந்த கடிதங்களில் ஒன்றை, உறையை நீக்கிவிட்டுக் கொடுத்தேன். அவனுடைய பெட்டியில் தபாலில் போடாமல் கிடந்ததாம், இப்போதுதான் அனுப்பியிருக்கிறார்கள் என்றேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே நின்று காத்திருந்தேன். பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டதும் போய் உணவு சூடாக்கினேன்.

அப்படி ஐந்து கடிதம் கொடுத்தேன். எப்போது கொடுப்பது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் பாட ஆரம்பிக்கும்போது கொடுக்க வேண்டும். மூன்றாம் நாவலும் நான்காம் நாவலும் அப்படி வந்தவை. பாதிரியாரிடம் இதை ஒருமுறை சொல்லப் பார்த்தேன். தங்கையிடம் ஒரு பொய் சொன்னேன் என்பதோடு நின்றுவிட்டேன். அந்த வருடங்களில் அவள் சமைத்ததை என்னால் அவள் முன்னால் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. வெளியே சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொல்வேன். அவள் என் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுக்கும்போது பக்கத்து அறைக்குப் போய்விடுவேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் கல் இல்லை.

நான்காம் நாவலைப் படமாக்கியதுதான் பிசகு. அதில் நாயகன் ஒரு வசனம் பேசுவான்: "இன்னிக்கு நான் அளந்த தண்ணி உன் ஜன்னலுக்குக் கீழே வர இன்னும் பல வாரம் ஆகும். வர்றப்போ ஒரு தடவை எட்டிப் பாரு." கொடுத்த கடிதங்களில் ஒன்றிலிருந்து அவள் எடுத்தது. அது எனக்குத் தெரியும். அழகாக இருந்ததால் வெட்டவில்லை. சூடான் தலைநகர் கார்ட்டூமில் ஒரு திரையரங்கில் உட்கார்ந்து ஃபாயிக் அதைக் கேட்டான். உலகத்தில் அந்த வரியை அறிந்தவர்கள் இரண்டு பேர் என்று நினைத்திருந்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஸ்டுடியோவிலிருந்து வீடு திரும்பினேன். கூடத்தில் அவன் உட்கார்ந்திருந்தான், தலை நரைத்து, கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல். ஒன்பது வருடக் கறுப்புடையில் இன்ஸாஃப் அவனுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றி முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தாள்.

"இவரு எந்த வருஷம் செத்தாருண்ணா? தேதியை மறந்துட்டேன்."

நான் கையிலிருந்த சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தேன்.

"கடுதாசி இன்னும் மிச்சம் இருக்கா?"

"ஆறு இருக்கு."

"குடு."

கொடுத்தேன். ஃபாயிக் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவன் அவளுடைய மேலங்கியை எடுத்து அவளிடம் நீட்டினான், அவ்வளவுதான். அலெக்சாந்திரியாவில் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. யாரிடமும் எதையும் சொல்லவில்லை, நாவல்களைத் தன் பெயருக்குத் திருப்பிக் கேட்கவில்லை, என்னை வீட்டுக்குள் விடவும் இல்லை. பத்தொன்பது வருடம் ஒரு வரி எழுதவில்லை. நானும் எழுதவில்லை. என் மௌனத்தைப் பற்றி நீங்கள் ஓர் அத்தியாயமே வைத்திருப்பதாகச் சொன்னீர்கள்.

போன செவ்வாய்க்கிழமை ஃபாயிக் இறந்தான். மாரடைப்பு, சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது. அடக்கத்துக்குப் போனேன். துக்கம் விசாரிக்கும் வரிசையில் கடைசியாக நின்றேன். என் முறை வந்தபோது அவள் என் கையைப் பிடித்தாள். அவள் கை அத்தனை சிறுத்துப்போயிருந்தது.

"நீ போய் ஒரு தடவை பார்த்துட்டு வாண்ணா," என்றாள். "இந்தத் தடவை நெசந்தானான்னு நீதான் சொல்லணும்."

சவப்பெட்டியருகே போனேன். பார்த்தேன். திரும்பி வந்து, நிஜம்தான் என்று சொன்னேன். அப்போதுதான் அவள் அழுதாள். நானும் அழுதேன். கெய்ரோவுக்கு ரயிலில் வரும் வழியெல்லாம் அழுதேன். நான் செய்தது எவ்வளவு பெரிய பாவம் என்று அன்றுதான் முழுதாகத் தெரிந்தது. அதனால்தான் உங்களிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

அவளுக்கு இப்போது யாரும் இல்லை. கூட்டிவரப் போகிறேன். ஆற்றைப் பார்த்த அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. மேஜையை ஜன்னலோரம் போட்டு, நல்ல தாளாக ஐந்நூறு வாங்கி அதன்மேல் வைத்திருக்கிறேன். நீங்கள் அவசரப்பட்டுக் கடைசி அத்தியாயத்தை முடித்துவிடாதீர்கள்.