நான்கு விரல்கள்

இடுக்கியைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள், ஐயா. முனையில் பல் உண்டு, குத்திவிடும். விரல் எலும்புக்கென்றே செய்தது. உடைந்த துண்டுகளை நகராமல் கவ்விக்கொள்ளும். அப்படிக் கவ்வியிருக்கும்போதே எலும்புக்குள் கம்பியைச் செருகிவிட வேண்டும்.

என் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கைகளால்தான் பேசுவாள். சிறுவயதில் நாங்கள் இருவரும் விளையாட்டாக உண்டாக்கிக்கொண்ட பேச்சு அது. பெற்ற அம்மாவுக்கே பிடிபடவில்லை. "என்னடா சொல்றா?" என்று என்னைத்தான் கேட்பாள். நான் இருக்கிறேனே என்று தங்கையைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் போய்விட்டால் அவள் யாரிடம் பேசுவாள்?

அலமாரி செய்ய ஒரு தச்சர் வந்தார். ஒரு மாத வேலை. ஒருநாள் சாப்பாட்டு அறையில் தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதேயில்லை. எட்டிப் பார்த்தேன். அவள் கையால் ஏதோ சொல்ல, அவரும் கையாலேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தார், எங்கள் பேச்சில். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடும் விதத்தைப் பற்றிய கேலி. எனக்குக் கோபமெல்லாம் வரவில்லை.

அடுத்த வாரம் தங்கை அம்மாவின் முன்னால் வந்து நின்று, தச்சரைக் கட்டிக்கொள்ளப் போவதாகக் கையால் சொன்னாள்.

"என்னடா சொல்றா?"

"தலைவலியாம், அம்மா" என்றேன்.

அதற்கப்புறம்தான் கார் கதவில் அவளுடைய வலது கை சிக்கியது. கதவைச் சாத்தியது நான். கையைக் கவனிக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கவனித்தேன்.

வேறு டாக்டரிடம் விட மனம் வரவில்லை. நான்கு விரல்களிலும் எலும்பைக் கவ்வி, சற்றே திருகி, அந்த நிலையிலேயே கம்பி போட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பு சேர்ந்திருப்பதாகத்தான் தெரியும். மடக்கினால் விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்.

"டாக்டர், விரல் திரும்பின மாதிரி இருக்கே" என்றார் நர்ஸ்.

"வீக்கம்மா. வடிஞ்சா நேராயிடும்."

உங்களிடம் வந்து சொன்னது அவராகத்தான் இருக்கும். கெட்டிக்காரர்.

கட்டுப் பிரித்த பிறகு தச்சர் வந்தார். தங்கை வெகுநேரம் பேசினாள். இடக்கை பாதியைச் சொன்னது, வலக்கை உளறியது. அவருக்கு வியர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"எனக்கு ஒண்ணும் புரியலையே சார். என்ன சொல்றாங்க?"

"உங்களைப் போகச் சொல்றா."

தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவள் வாசல்வரை ஓடினாள். கூப்பிடத்தான் முடியவில்லை.

கதவும் கம்பியும் நான் செய்தவைதான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளைப் பேச ஆளில்லாமல் விட்டுவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள். தினமும் காலையில் நான் அவள் அறைக்குள் போனதும், அந்த விரல்களை என் முகத்துக்கு நேரே தூக்கி ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஆஸ்பத்திரியில் அடிபட்ட கையை யார் என் முன்னால் நீட்டினாலும் அதையே சொல்வதுபோல் இருக்கிறது. எனக்கும் இப்போது சரியாகப் புரிவதில்லை.

நன்றி என்றுதான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.