ரூலோ வீட்டுக் கதவும் புவாரியேயின் பனி இயந்திரமும்

பெயர் ஒதெத் ரூலோ. வயது எண்பத்திரண்டு. கணவர் ஃபெர்னான், காலமாகிவிட்டார். கஸ்பே கடற்கரை, சான்-தியோடில் கிராமம், தேவாலயத் தெருவின் கடைசி வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள். போலீஸ் அதிகாரி எழுதிய இந்த வாக்குமூலத்தை வாசித்துக் காட்டச் சொல்லி, பிழைகளைத் திருத்தச் செய்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு ழெர்வே புவாரியேயிடம் பனியை வாரி எறியும் இயந்திரம் ஒன்று உள்ளது. பனியைக் கக்கும் அதன் குழாய் துருப்பிடித்து, என் வீட்டைப் பார்த்தபடி இறுகிவிட்டது. இன்று காலை புயல் ஓய்ந்ததும் அவர் தம் வாசலைச் சுத்தம் செய்தார். அந்தப் பனி முழுவதும் என் சுவரில் வந்து விழுந்தது. வெளிப்பக்கம் திறக்கும் என் கதவு அசையவில்லை. ஹீட்டரின் புகைக்குழாயும் மூடிக்கொண்டதால் ஹீட்டர் அணைந்துவிட்டது. அதன் பின் நான் சமையலறை ஜன்னலைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன்.

"குழாய் திரும்ப மாட்டேங்குது மதாம். ரோட்டுல அடிச்சா அபராதம் போடுவாங்க. உங்க பக்கந்தான் காலியா கெடக்கு" என்றார்.

"காலியில்ல ழெர்வே. இங்க நான் இருக்கேன்" என்றேன்.

அதன் பின் இயந்திரம் இருமி நின்றது. போன வசந்தகாலத்துப் பெட்ரோல் அதிலேயே கிடந்தது. சோக்கை இழுத்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும். பாதி சோக்கில் கிளப்பினார். ஈரப்பனி குழாயை அடைத்தது. கைப்பிடியை விட்டால் உள்ளே சுழலும் தகடு நிற்க வேண்டும். ஆனால் இந்த ஊர் ஆண்கள் செய்வதுபோல் அவரும் கைப்பிடியை ஸ்கேட் காலணியின் நாடாவால் இழுத்துக் கட்டியிருந்தார். நான் ஜன்னல் வழியாக இறங்கி, பனியில் தவழ்ந்து போய்ச் சேர்ந்தபோது, தகடு சுழல்கையிலேயே அவர் குழாய்க்குள் கையை விட்டார். நான் இயந்திரத்தின் சாவியைப் பிடுங்கி அதை நிறுத்தினேன். அவருடைய கையுறையில் இரண்டு நுனிகளைக் காணவில்லை. விரல்கள் இருந்தன.

"கெழவிக்குப் புத்தி பேதலிச்சிருச்சு. சாவியக் குடுங்க."

"கையால வாரி என் கதவத் தொற. தரேன்."

"போலீஸக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவங்களாவது தொறப்பாங்க."

அதன் பின் வந்த வழியே உள்ளே திரும்பினேன். சாவியைத் திருடியதாக அவர் கொடுத்த புகாரின் பேரில் வந்த அதிகாரி, ஜன்னலுக்கு வெளியே நின்று இதை எழுதிக்கொண்டார். சாவி என் மேலங்கிப் பையில் உள்ளது. மறைக்கவில்லை. கதவு திறந்த உடனே கொடுத்துவிடுவேன். விசாரணை முடியும்வரை வீட்டைவிட்டு எங்கும் போகக் கூடாது என்று அதிகாரி கேட்டுக்கொண்டார். சம்மதித்தேன்.

மேற்கண்டவை யாவும் நான் கண்டதும் செய்ததுமான உண்மை. ஜன்னல் வழியே நீட்டிய தாளில் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) ஒதெத் ரூலோ